சாங்ஷன் என்றால் ஒப்புதலா, தண்டனையா? ஒரே வரியில் இரண்டும் வந்து மாட்டிக்கொண்டேன்

கற்றுக்குட்டி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மானம் போன கதையோடு இந்த இழையைத் தொடங்குகிறேன்.

பகுதி நேரமாக ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்கிக் கொடுக்கிறேன். நேற்று வந்த விளையாட்டுச் செய்தி ஒன்றில் இப்படி ஒரு வரி: 'த போர்ட் சாங்ஷன்ட் த்ரீ ப்ளேயர்ஸ் ஃபார் ப்ளேயிங் இன் அன் அன்சாங்ஷன்ட் லீக்.' நான் எழுதி அனுப்பியது: 'அங்கீகாரம் இல்லாத தொடரில் ஆடியதற்காக மூன்று வீரர்களுக்கு வாரியம் அங்கீகாரம் வழங்கியது.'

எழுதும்போதே எங்கோ இடித்தது. தப்பு செய்தவர்களுக்கு ஏன் அங்கீகாரம்? சரி, வாரியம் என்றால் எதையும் செய்யும் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். ஆசிரியர் அந்த வரிக்குக் கீழே சிவப்புக் கோடு போட்டு, பக்கத்தில் ஒரே ஒரு கேள்விக்குறி வைத்துத் திருப்பி அனுப்பினார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும்.

அகராதியைப் பார்த்தேன். ஒப்புதல் என்றும் இருக்கிறது, தண்டனை என்றும் இருக்கிறது. லோன் சாங்ஷன், லீவு சாங்ஷன் என்று கேட்டே வளர்ந்த காது என்னுடையது. அந்தச் சொல்லுக்குள் இப்படி ஓர் எதிரி ஒளிந்திருப்பான் என்று நினைக்கவே இல்லை. எது எப்போது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மனப்பாடம் செய்ய வேண்டியதுதானா?


அரைத்தூக்கம் எழுதியது:

எனக்கு லீவு சாங்ஷன் ஆனதே இல்லை. அதனால் அந்த இரண்டாவது பொருள்தான் எனக்கு நல்ல பழக்கம்.


வரிக்குதிரை எழுதியது:

தம்பி, இந்தச் சொல்லில் விழாத மொழிபெயர்ப்பாளர் இல்லை. நானும் விழுந்திருக்கிறேன், என் கதை இன்னொரு நாள். மனப்பாடம் வேண்டாம். அந்தச் சொல்லை விட்டுவிட்டு அதன் அக்கம்பக்கத்தைப் பாருங்கள்.

வினைச்சொல்லாக வந்தால், எதை சாங்ஷன் செய்தார்கள் என்று கேளுங்கள். திட்டத்தை, செலவை, கூட்டத்தை, படையெடுப்பை, ஏதோ ஒரு செயலை என்று பதில் வந்தால் ஒப்புதல். ஆளை, கம்பெனியை, நாட்டை, அதாவது அடி வாங்கக்கூடிய ஒருவரை என்று பதில் வந்தால் தண்டனை. உங்கள் வரியில் வாரியம் சாங்ஷன் செய்தது மூன்று வீரர்களை. ஆள்கள். முடிந்தது. அந்த 'ஃபார் ப்ளேயிங்' வேறு கத்திக்கொண்டே நிற்கிறது: இன்னது செய்ததற்காக என்று காரணம் சொன்னால் பின்னாலோ முன்னாலோ தண்டனைதான் இருக்கும்.

இப்போது அதே வரியின் கடைசிச் சொல். 'அன்சாங்ஷன்ட் லீக்.' இங்கே தொடருக்குத் தண்டனை கிடைக்கவில்லை என்று பொருள் இல்லை, தொடருக்கு ஒப்புதல் இல்லை. இதில் உங்களுக்கு அவ்வளவு குழப்பம் வராது. முன்னால் அன் ஒட்டிக்கொண்டால் பெரும்பாலும் 'ஒப்புதல் பெறாத' என்பதுதான். நாடுகள், வங்கிகள் மீதான தடைகள் பற்றிய செய்தியில் மட்டும் 'தடைக்கு உள்ளாகாத' என்ற பொருளிலும் வரலாம்.

பெயர்ச்சொல்லுக்கு இன்னும் எளிது. ஒருமையில் வந்தால் ஒப்புதல், பன்மையில் வந்தால் தண்டனை. 'வித்தவுட் அஃபிஷியல் சாங்ஷன்' என்றால் அதிகாரபூர்வ ஒப்புதல் இல்லாமல். 'சாங்ஷன்ஸ்' என்று ஸ் சேர்ந்துவிட்டால் பக்கத்தில் இம்போஸ், லிஃப்ட், ஈஸ் எல்லாம் வந்து உட்காரும். விதித்தார்கள், நீக்கினார்கள், தளர்த்தினார்கள்.


இலக்கணப்பூனை எழுதியது:

வரிக்குதிரை சொன்னதில் முக்கால்வாசி சரி. கடைசிப் பத்தியில் மட்டும் நகம் போடுகிறேன், மன்னிக்கவும்.

ஒருமை, பன்மை என்று பிரித்தால் ஒருநாள் கவிழ்வீர்கள். 'எ ஹார்ஷ் சாங்ஷன்' என்று எழுதுவார்கள். ஒருமைதான், ஆனால் கடுமையான தண்டனை. 'த அல்டிமேட் சாங்ஷன்' என்றால் உச்சபட்ச தண்டனை. இடத்தைப் பொறுத்து மரண தண்டனையாகவும் இருக்கலாம், கட்சியை விட்டு நீக்குவதாகவும் இருக்கலாம். இதுவும் ஒருமையே.

எண்ணிப் பார்க்க முடிகிறதா என்பதுதான் கேள்வி. தண்டனையை எண்ணலாம்: ஒன்று, இரண்டு, மூன்று. அதனால் முன்னால் 'எ' வரும், பின்னால் ஸ் வரும். ஒப்புதலை எண்ணுவதில்லை. தண்ணீர் மாதிரி அது மொத்தமாக இருக்கும், அல்லது இருக்காது. அதனால்தான் 'வித் த சாங்ஷன் ஆஃப் த கவுன்சில்' என்று வருமே தவிர, ஒப்புதல் என்ற பொருளில் 'டூ சாங்ஷன்ஸ்' என்று வராது. நம் பக்கத்து அலுவலகக் கோப்புகளில் 'த்ரீ சாங்ஷன்ஸ் வேர் இஷ்யூட்' என்று பார்த்திருக்கிறேன், மூன்று ஒப்புதல் ஆணைகள் என்ற பொருளில். அது இந்திய ஆங்கிலம். வெளியே அப்படி எழுதினால் மூன்று பேருக்கு அடி விழுந்ததாகப் படிப்பார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 'லோன் சாங்ஷன்ட்' தப்பில்லை. ஆனால் இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ கடன் வாங்குகிறவர் அப்படிச் சொல்ல மாட்டார், அப்ரூவ்ட் என்பார். கடனுக்கும் விடுப்புக்கும் சாங்ஷன் போடுவது நம் ஊர் அலுவலக ஆங்கிலத்தின் பழக்கம். தமிழ் அந்த ஒரு பொருளை மட்டும் கடன் வாங்கிக்கொண்டது. கற்றுக்குட்டி மாட்டிக்கொண்டது ஆங்கிலத்தால் அல்ல, தமிழில் ஏற்கெனவே தெரிந்த சொல் என்ற நம்பிக்கையால்.


வரிக்குதிரை எழுதியது:

ஏற்றுக்கொள்கிறேன். எண்ண முடிகிறதா என்பது என் விதியை விட நல்ல விதி. பூனை நகத்துக்கு நன்றி.


கற்றுக்குட்டி எழுதியது:

அக்கா, பூனையாரே, இருவருக்கும் நன்றி. 'எதை' என்று கேட்கும் முறை உடனே பிடிபட்டது. ஆனால் மனதுக்குள் ஒன்று உறுத்துகிறது. இரண்டு வேறு வேறு சொற்கள் தற்செயலாக ஒரே எழுத்துக்கூட்டலில் வந்து முட்டிக்கொண்டனவா? தமிழில் 'கல்' படிக்கச் சொல்லும், தரையிலும் கிடக்கும். அந்த மாதிரியா?


திண்ணைக்காரர் எழுதியது:

நல்ல கேள்வி தம்பி. நீர் சொல்வது மாதிரி முட்டிக்கொண்ட சொல் ஆங்கிலத்தில் உண்டு. 'க்ளீவ்' என்று ஒரு சொல். பிளப்பதும் அதுதான், ஒட்டிக்கொள்வதும் அதுதான். பழைய ஆங்கிலத்தில் அவை இரண்டு தனித்தனி வினைகள். ஒலி தேய்ந்து தேய்ந்து ஒரே உருவத்தில் வந்து நின்றுவிட்டன. ஒரே சட்டையை மாட்டிக்கொண்ட இரண்டு அந்நியர்கள்.

சாங்ஷன் கதை நேர்மாறு. அது ஒரே ஆள். ஒரே வயிற்றில் பிறந்து இரண்டு பக்கம் போனது.

மூலம் லத்தீன். அங்கே 'சன்கீரே' என்றொரு வினை. ஒன்றைச் சடங்கு செய்து உறுதிப்படுத்து, மீறக்கூடாததாக்கு, சட்டமாக விதி என்றெல்லாம் பொருள். அதிலிருந்து வந்ததுதான் 'சாங்க்டஸ்', புனிதமானது. ஆங்கிலத்தில் செயின்ட், சாங்ச்சுவரி, சாங்க்டிட்டி எல்லாம் இதே குடும்பம். யாரும் கைவைக்கக் கூடாது என்று வேலி போட்ட இடம்தான் சாங்ச்சுவரி.

ஆக, ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது சாங்ஷன் என்றால் மீறக்கூடாத ஆணை என்றுதான் பொருள். வரலாறு படித்தவர்கள் 'ப்ராக்மாட்டிக் சாங்ஷன்' என்று கேள்விப்பட்டிருப்பார்கள். 1713இல் ஆறாம் சார்லஸ் பேரரசர் பிறப்பித்தது. ஆண் வாரிசு இல்லாமல் போனால் ஹாப்ஸ்பர்க் என்ற அவருடைய அரச குடும்பத்தின் நிலங்கள் மகளுக்குப் போகட்டும் என்ற ஏற்பாடு. அந்த ஆணை வந்தபோது அவருடைய மகள் மரியா தெரசா பிறக்கவே இல்லை; அவர் பிறந்தது 1717. அதில் வரும் சாங்ஷன் ஒப்புதலும் இல்லை, தண்டனையும் இல்லை. ஆணை. அந்தப் பழைய பொருள் அங்கே அப்படியே உறைந்து நிற்கிறது.

இனி கிளை பிரிவதைப் பாரும். மீறக்கூடாத ஆணை என்று ஒன்று இருந்தால் அதற்கு இரண்டு முகம் வந்துவிடும். ஒன்று, மேலிடம் முத்திரை குத்தியது, ஆகவே செல்லும். இன்னொன்று, மீறினால் இன்னது நடக்கும். முத்திரைப் பக்கம் போனது ஒப்புதல் ஆயிற்று. மீறினால் என்ன என்ற பக்கம் போனது தண்டனை ஆயிற்று. பெயர்ச்சொல்லில் இந்த இரண்டு கிளையும் பழசு. வினைச்சொல் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் தலைகாட்டுகிறது, அப்போது உறுதிப்படுத்து, ஒப்புக்கொள் என்ற பொருளில்தான். ஆளை சாங்ஷன் செய்வது, அதாவது தண்டிப்பது, 20ஆம் நூற்றாண்டுப் புதுசு. உம்முடைய மூன்று வீரர்களும் புதிய ஆங்கிலத்தில்தான் அடி வாங்கியிருக்கிறார்கள்.

நம் 'ஆணை'யையே எடுத்துக்கொள்ளும். அரசாணை என்றால் கட்டளை. 'உன் மேல் ஆணை' என்றால் சத்தியம். கட்டளையும் சத்தியமும் ஒரே சொல்லுக்குள் ஏன் இருக்கின்றன என்று யோசித்தால் லத்தீன்காரன் மனசு புரியும்.


அரைத்தூக்கம் எழுதியது:

ஐயா எழுதியதைப் படித்துவிட்டுப் படுத்தேன், தூக்கம் போய்விட்டது. நமக்கும் ஒரு சாங்ஷன் இருக்கிறதே, யாரும் கவனிக்கவில்லையா? 'விலக்கு.'

மதுவிலக்கு என்றால் குடிக்கக் கூடாது. வரிவிலக்கு என்றால் கட்ட வேண்டாம். ஒன்று தடை, ஒன்று சலுகை. ஒரே விலக்கு. மதுவிலக்கிலிருந்து விலக்கு என்று சொன்னால்கூட நமக்கு உடனே புரிகிறது. இதுவரை ஒருநாளும் குழம்பியதில்லை. ஏன்?


இலக்கணப்பூனை எழுதியது:

அரைத்தூக்கத்தில் இருப்பவருக்கே இது தோன்றினால் முழுதாக விழித்தால் என்ன ஆவாரோ.

அருமையான எடுத்துக்காட்டு. விலக்கு என்றால் அப்பால் தள்ளு, அவ்வளவுதான் அடிப்படை. மதுவிலக்கில் மதுவை ஆள்களிடமிருந்து தள்ளுகிறோம். வரிவிலக்கில் ஆளை வரியிடமிருந்து தள்ளுகிறோம். நாம் விரும்பும் பொருளைத் தள்ளினால் தடை, சுமையைத் தள்ளினால் சலுகை. விலக்குக்கு முன்னால் நிற்கும் சொல்தான் எது என்று முடிவு செய்கிறது. நாம் அதைப் பார்க்கிறோம் என்பதே தெரியாமல் பார்க்கிறோம். வரிக்குதிரை 'எதை என்று கேளுங்கள்' என்று சொன்னதும் இதேதான். தாய்மொழியில் தூக்கத்தில் செய்வதை ஆங்கிலத்தில் விழித்துக்கொண்டு செய்ய வேண்டியிருக்கிறது.


சட்டப்பை எழுதியது:

தாமதமாக வருகிறேன். எங்கள் தொழிலில் இந்தச் சொல் தினமும் புழங்குகிறது, கொஞ்சம் நீளமாகவே எழுத அனுமதி கொடுங்கள். அதாவது சாங்ஷன் கொடுங்கள்.

நீதிமன்றம் என்றால் தண்டனை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இங்கிலாந்தின் 2006ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தில், கம்பெனியும் அதற்குக் கடன் கொடுத்தவர்களும் செய்துகொள்ளும் சமரச ஏற்பாட்டை நீதிமன்றம் சாங்ஷன் செய்ய வேண்டும். ஒப்புதல். அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களின் உரிமையியல் நடைமுறையில் 11ஆம் விதி என்று ஒன்று. ஆதாரமில்லாமல் மனுவைத் தாக்கல் செய்தால் வழக்கறிஞரையே நீதிமன்றம் சாங்ஷன் செய்யலாம். தண்டனை. இரண்டு இடத்திலும் எழுவாய் நீதிமன்றம், வினை சாங்ஷன். 'கோர்ட் சாங்ஷன்ட் த ஸ்கீம்' என்றால் கட்சிக்காரருக்குக் கொண்டாட்டம். 'கோர்ட் சாங்ஷன்ட் த லாயர்' என்றால் வக்கீல் தலையில் துண்டு.

இரண்டாவது, சட்டக் கோட்பாட்டில் இதற்கு ஒரு வம்சாவளி உண்டு. ஆங்கிலத் தத்துவவாதி ஜெரமி பெந்தம் 1789இல் வெளியிட்ட நூலில் நான்கு வகை சாங்ஷன் சொல்கிறார்: இயற்கை, அரசியல், அறம், சமயம். ராத்திரி விளக்கை அணைக்காமல் தூங்கி வீடு எரிந்தால் இயற்கை கொடுத்தது. குற்றத்துக்கு நீதிபதி கொடுத்தால் அரசியல். பக்கத்து வீட்டார் முகம் கொடுத்துப் பேசாமல் ஒதுக்கினால் அறம். கடவுள் கொடுத்தால் சமயம். அவருக்கு இன்பமும் சாங்ஷன்தான், துன்பமும் சாங்ஷன்தான்; மனிதனை ஒரு வழியில் நிறுத்துவது எதுவோ அதெல்லாம் சேர்ந்தது. 1832இல் ஜான் ஆஸ்டின் என்ற சட்டக் கோட்பாட்டாளர் வந்து, பரிசையெல்லாம் சாங்ஷன் என்று சொல்வது சொல்லை நீட்டி இழுப்பது, கீழ்ப்படியாவிட்டால் வரும் தீங்கு மட்டும்தான் சாங்ஷன் என்று கதவைச் சாத்தினார். சட்ட மாணவர்கள் ஆஸ்டினைத்தான் படிக்கிறார்கள். ஆனால் சமூகவியல் மாணவரிடம் கேட்டால் 'பாசிட்டிவ் சாங்ஷன்' என்று ஒன்று இருக்கிறது என்பார். கைதட்டல், பாராட்டு, பட்டம். ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு துறையும் இன்றைக்கும் தனித்தனியாகக் குடித்தனம் நடத்துகின்றன.

மூன்றாவது, செய்திகளில் வரும் சர்வதேச சாங்ஷன்ஸ். 1935இல் எத்தியோப்பியா மீது படையெடுத்த இத்தாலிக்கு எதிராக அன்றைய நாடுகளின் சங்கம் எடுத்த நடவடிக்கையை இந்தச் சொல்லால்தான் குறித்தார்கள். வேடிக்கை என்னவென்றால், 1945இல் எழுதிய ஐ.நா. சாசனத்தின் 41ஆம் பிரிவைப் படித்தால் அதில் சாங்ஷன் என்ற சொல்லே கிடையாது. படை பலம் பயன்படுத்தாத நடவடிக்கைகள் என்றுதான் இருக்கும். பொருளாதார உறவை முறிப்பது, ரயில், கடல், வான் வழிகளை நிறுத்துவது, தபால், தந்தி, வானொலித் தொடர்பைத் துண்டிப்பது, தூதரக உறவை முறிப்பது என்று வரிசையாகச் சொல்லும். உலகமே அதை சாங்ஷன்ஸ் என்கிறது. சாசனம் சொல்லவில்லை.


கற்றுக்குட்டி எழுதியது:

சட்டப்பை ஐயா, அந்தத் தூங்கி வீடு எரிந்த எடுத்துக்காட்டு மனதில் தைத்துவிட்டது. நன்றி.

ஒரு நடைமுறைச் சந்தேகம். சாங்ஷன்ஸ் வந்தால் 'பொருளாதாரத் தடை' என்று எழுதிவிடலாமா? எல்லாப் பத்திரிகையிலும் அப்படித்தான் பார்க்கிறேன்.


வரிக்குதிரை எழுதியது:

பெரும்பாலும் எழுதலாம், கண்ணை மூடிக்கொண்டு எழுதக் கூடாது.

'தடை' தமிழில் ரொம்ப உழைக்கும் சொல். பேன் என்றாலும் தடை, எம்பார்கோ என்றாலும் தடை, நீதிமன்றம் நிறுத்தி வைத்தாலும் தடை, வழியில் கல் கிடந்தாலும் தடை. ஒருமுறை ஒரே பத்தியில் எம்பார்கோவும் சாங்ஷன்ஸும் வந்தன. எம்பார்கோ என்றால் இன்ன சரக்கை விற்கக் கூடாது, வாங்கக் கூடாது என்ற குறிப்பான தடை. சாங்ஷன்ஸ் பெரிய கூடை. எம்பார்கோவும் அதற்குள் இருக்கலாம், சொத்து முடக்கமும் இருக்கலாம், பயணத் தடையும் இருக்கலாம். நான் இரண்டுக்கும் தடை, தடை என்று போட்டு, 'தடைகளில் ஒரு பகுதியான தடை நீக்கப்பட்டாலும் தடைகள் தொடரும்' என்று ஒரு வாக்கியத்தைப் பெற்றெடுத்தேன். முன்னே சொன்னேனே, இன்னொரு நாள் சொல்கிறேன் என்று. அந்தக் கதை இதுதான்.

இப்போது எம்பார்கோவுக்கு 'ஆயுத விற்பனைத் தடை', 'எண்ணெய் இறக்குமதித் தடை' என்று சரக்கின் பெயரையும் சேர்த்துவிடுகிறேன். சாங்ஷன்ஸுக்குப் 'பொருளாதாரத் தடைகள்' என்று பன்மையில் போடுகிறேன். தனி ஆள் மீது வந்தால் பொருளாதாரம் என்ற சொல் பொருந்தாது. 'தடைப் பட்டியலில் சேர்த்தது' என்றோ, என்ன செய்தார்கள் என்று தெரிந்தால் அதையே நேராகவோ எழுதுகிறேன். விளையாட்டு, நீதிமன்றம், அலுவலகம் என்று வந்தால் தடையே வேண்டாம். ஒழுங்கு நடவடிக்கை, தண்டனை, அபராதம், எது நடந்ததோ அது.

ஒப்புதல் பக்கத்திலும் ஒரு வார்த்தை. அனுமதி, இசைவு, ஒப்புதல், அங்கீகாரம் எல்லாம் ஒன்று என்று நினைக்காதீர்கள். சாங்ஷனில் ஒரு மேலிடம் இருக்க வேண்டும். நண்பனிடம் பேனா கேட்டு அவன் சரி என்றால் அது பெர்மிஷன், சாங்ஷன் அல்ல. மேலிடம் ஓர் ஆளாக இருக்க வேண்டும் என்பதில்லை, வழக்கமும் மேலிடம்தான். 'சாங்ஷன்ட் பை கஸ்டம்' என்று வந்தால் ஒப்புதல் என்று எழுதினால் சப்பென்று இருக்கும். 'வழக்கம் அங்கீகரித்த' என்பது சரியாக உட்காரும்.


பின்வரிசை எழுதியது:

உச்சரிப்பு? சாங்ஷனா, சேங்ஷனா, சேங்க்ஷனா?


இலக்கணப்பூனை எழுதியது:

முதல் உயிர், கேட், பேட் என்னும்போது வரும் அந்த அகன்ற ஒலி. தமிழ் எழுத்தில் அதற்கு இடமில்லை. சா போட்டாலும் சே போட்டாலும் அரைகுறைதான். ஷவுக்கு முன்னால் மெல்லிய க் உண்டு. அழுத்தம் முதல் அசையில். எழுதும்போது எது வேண்டுமானாலும் போடுங்கள், இந்த இழையில் சாங்ஷன் என்றே ஓடட்டும்.


அரைத்தூக்கம் எழுதியது:

இந்த மாதிரி இரட்டை வேடம் போடும் சொற்கள் இன்னும் எத்தனை? 'ஓவர்சைட்' என்றாலும் எனக்கு இதே தலைசுற்றல். ஓவர்சைட் கமிட்டி என்றால் மேற்பார்வைக் குழுவா, கவனக்குறைவுக் குழுவா?


இலக்கணப்பூனை எழுதியது:

சில குழுக்களுக்கு இரண்டும் பொருந்தும்.

இங்கேயும் அதே எண்ணும் விதிதான். 'அன் ஓவர்சைட்' என்று எண்ணினால் தவறிப்போன ஒன்று. எண்ணாமல் வெறும் ஓவர்சைட் என்றால் மேற்பார்வை. மேலிருந்து பார்ப்பதும் பார்வை மேலே தாண்டிப் போய்விடுவதும் ஒரே சொல்லுக்குள்.


திண்ணைக்காரர் எழுதியது:

'டேபிள்' என்ற வினையை மறந்துவிட்டீர்களே. பிரிட்டனில் ஒரு விஷயத்தை டேபிள் செய்தால் விவாதத்துக்கு எடுத்துவைக்கிறார்கள். அமெரிக்காவில் டேபிள் செய்தால் ஓரமாகத் தள்ளி வைக்கிறார்கள். இரண்டாம் உலகப் போர் நேரத்தில் இரு நாட்டு ராணுவ அதிகாரிகளும் ஒரு தாளை டேபிள் செய்வது பற்றி நெடுநேரம் சண்டை போட்டு, பிறகுதான் இருவரும் ஒன்றையே விரும்புகிறார்கள் என்று புரிந்துகொண்டதாக சர்ச்சில் தம்முடைய போர் நினைவுகளில் எழுதியிருக்கிறார். ஒரே மொழிக்காரர்கள் தம்பி! உம்முடைய கேள்விக்குறி ஒன்றும் பெரிய அவமானம் இல்லை.


நெறியாளர் எழுதியது:

டேபிளுக்குத் தனி இழை தொடங்குங்கள். இங்கே சாங்ஷன் மட்டும். பின்வரிசையின் உச்சரிப்புக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறேன்.


வரிக்குதிரை எழுதியது:

சரி, கற்றுக்குட்டிக்கு ஒரு சின்னப் பரீட்சை. அகராதியை மூடிவிட்டுச் சொல்லுங்கள்.

'த சர்ச் டிட் நாட் சாங்ஷன் த மேரேஜ்.' அப்புறம், 'தே மார்ச்ட் வித்தவுட் சாங்ஷன்.' அப்புறம், 'த பார்ட்டி சாங்ஷன்ட் இட்ஸ் ஓன் லீடர்.' கடைசியாக, 'எ சாங்ஷன்ட் பேங்க்.'


கற்றுக்குட்டி எழுதியது:

முதலாவதில் சாங்ஷன் ஆனது திருமணம், ஒரு செயல். ஆகவே 'திருச்சபை அந்தத் திருமணத்தை ஏற்கவில்லை.' இரண்டாவதில் எண்ணவில்லை, எ இல்லை, ஸ் இல்லை. 'ஒப்புதல் இல்லாமல் ஊர்வலம் போனார்கள்.' மூன்றாவதில் ஆள். 'கட்சி தன் தலைவர் மீதே ஒழுங்கு நடவடிக்கை எடுத்தது.' இதை ஒரு வாரம் முன்னால் கேட்டிருந்தால் தலைவருக்கு ஒப்புதல் கொடுத்திருப்பேன்.

நான்காவது... வங்கி என்பது அடி வாங்கக்கூடிய ஆள். அப்படிப் பார்த்தால் தடைக்கு உள்ளான வங்கி. ஆனால் அரசு அங்கீகரித்த வங்கி என்றும் படிக்க முடிகிறதே? தெரியவில்லை அக்கா. தோற்றுவிட்டேன்.


வரிக்குதிரை எழுதியது:

தோற்கவில்லை. நான்காவதைத் தெரியவில்லை என்று சொல்வதுதான் சரியான விடை. அந்தத் துண்டை மட்டும் வைத்து யாராலும் சொல்ல முடியாது. இன்றைய செய்தியில் வந்தால் பெரும்பாலும் தடைப் பட்டியலில் உள்ள வங்கி. ஆனால் 'சாங்ஷன்ட் ஈவென்ட்', 'சாங்ஷன்ட் மேட்ச்' என்று விளையாட்டுப் பக்கத்தில் வந்தால் ஒப்புதல் பெற்றது. பெயருக்கு முன்னால் அடைமொழியாக வரும்போது 'எதை' கேள்வி அரைகுறையாகத்தான் உதவும். முன்வரி, பின்வரி படித்தே ஆக வேண்டும்.

நீங்களே ஆங்கிலத்தில் எழுதும் நிலை வந்தால் இந்தச் சொல்லை வினையாகத் தொடவே தொடாதீர்கள் என்பேன். அப்ரூவ்ட் இருக்கிறது, பீனலைஸ்ட் இருக்கிறது. வாசகரை ஏன் பரீட்சை எழுத வைக்க வேண்டும்?


சட்டப்பை எழுதியது:

வினையாகத் தொடாதீர்கள் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. எங்கள் துறையில் அந்தச் சொல்லுக்கு வேறு சொல் போட்டால் சட்டத்தின் பொருளே மாறும். கம்பெனி ஏற்பாட்டை நீதிமன்றம் அப்ரூவ் செய்தது என்று ஆவணத்தில் எழுதினால் மூத்த வக்கீல் பேனாவைப் பிடுங்கிக்கொள்வார். மின்னஞ்சலுக்கும் செய்திக்கும் வேண்டுமானால் உங்கள் அறிவுரை சரி.


வரிக்குதிரை எழுதியது:

மின்னஞ்சலுக்கும் செய்திக்கும்தான் சொன்னேன். உங்கள் கோட்டைக்குள் நான் வரவில்லை.


கற்றுக்குட்டி எழுதியது:

திருத்தி அனுப்பப் போகும் வரியைக் கீழே வைக்கிறேன். ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்.

'அங்கீகாரம் பெறாத தொடரில் ஆடிய மூன்று வீரர்களை வாரியம் தண்டித்தது.'


திண்ணைக்காரர் எழுதியது:

பொருள் சரி. 'தண்டித்தது' என்பது கொஞ்சம் பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி இருக்கிறது தம்பி. என்ன தண்டனை என்று செய்தியில் வேறு எங்காவது இருக்கிறதா? இருந்தால் அதையே போடும்.


கற்றுக்குட்டி எழுதியது:

ஐயா, அந்தச் செய்தியை இரண்டாகப் பிரித்து இரண்டு பேருக்குக் கொடுத்திருந்தார்கள். என் பங்கு அந்த வரியோடு முடிந்துவிட்டது. நீங்கள் கேட்ட பிறகுதான் மறு பாதியைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அதன் முதல் வரியே, மூவரும் ஆறு மாதத்துக்கு எந்தப் போட்டியிலும் ஆட முடியாது என்பதுதான்.